உப்புக்கண்டமும் கறுப்பு பீன்ஸும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு மாஸ் டிரான்ஸ்ஃபர் பாடம் சொல்லிக்கொடுத்து, இன்றும் முதல் வரிசையில் உட்கார்ந்து அதே பழைய சந்தேகப் பார்வை பார்த்துக்கொண்டிருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, சீனியர்களே, என் செட் நண்பர்களே, இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

செயலாளர் அண்ணன் எனக்குக் கொடுத்த தலைப்பு 'தென் அமெரிக்காவில் இந்தியப் பொறியாளர்களுக்கான வாய்ப்புகள்'. அதற்கு என் பதில் இரண்டு வரிதான். வாய்ப்பு இருக்கிறது. போர்ச்சுகீஸ் படித்துவிட்டு வாருங்கள். மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "உனக்குப் பிடிச்சதைப் பேசு, சாப்பாட்டுக்கு முன்னால உன்னைப் போட்டுடறேன்" என்றார். சாப்பாட்டுக்கு முன்னால் பேசச் சொன்னதால் சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறேன்.

பிரேஸிலில் ஸாவோ பாவ்லோ மாநிலத்தில், கம்பினாஸ் நகரத்துப் பக்கம், கம்ப்ரஸர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன். அங்கே சனிக்கிழமைகளில் என் வீட்டில் ஃபெய்ஜுவாடா செய்வேன். கறுப்பு பீன்ஸையும் பன்றி இறைச்சியையும் உப்புக்கண்டத்தையும் ஒரே சட்டியில் போட்டு மணிக்கணக்கில் வேகவைக்கும் குழம்பு. சைவ நண்பர்களும், பன்றி தொடாத நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். காது கொடுத்துக் கேட்டால் போதும். பன்றியின் காதைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் பீன்ஸ். நமக்குச் சோறும் சாம்பாரும் எப்படியோ, அங்கே சோறும் பீன்ஸும் அப்படி. தினமும் வேண்டும். ரியோ டி ஜனேரோ பக்கம் தினசரிப் பீன்ஸ் கறுப்பு. எங்கள் ஸாவோ பாவ்லோ பக்கம் பழுப்பில் கோடு போட்ட ஒரு ரகம், பெயர் 'கரியோகா'. கரியோகா என்றால் ரியோ ஊர்க்காரர் என்று அர்த்தம். ஆனால் ரியோக்காரர்கள் இந்தப் பீன்ஸை அவ்வளவாகச் சீண்டுவதில்லை! கம்பினாஸில் இருக்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1969இல் வெளியிட்ட ரகம் இது. உடம்பில் வரி உள்ள ஒரு நாட்டுப்பன்றிக்கு அந்தப் பெயர் இருந்ததாம், அந்த வரியைப் பார்த்துப் பீன்ஸுக்கும் அதே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் ஃபெய்ஜுவாடாவுக்கு எங்கள் ஊரிலும் கறுப்புதான். ஹோட்டல்களில் புதன்கிழமையும் சனிக்கிழமையும் போடுவார்கள். எங்கள் தொழிற்சாலை கேன்டீனிலும் புதன் வந்தால் ஃபெய்ஜுவாடா. அன்றைக்கு மத்தியானம் மீட்டிங் வைக்கிறவன் ஊருக்குப் புதுசு என்று தெரிந்துகொள்ளலாம்.

பன்னிரண்டு பேருக்கு என் கணக்கு இது. கறுப்பு பீன்ஸ் ஒரு கிலோ. உப்புக்கண்டம் அரைக் கிலோ. உப்புப் போட்ட விலா எலும்பு அரைக் கிலோ. ஒரு கால், ஒரு காது, ஒரு வால். புகை போட்ட கொழுப்புக்கறி கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 'பாயு' என்று புகை போட்ட தடித்த சாஸேஜ் இரண்டு, 'லிங்குயிஸா' என்ற இன்னொரு வகை சாஸேஜ் அதே அளவு. (பாயுவுக்கும் நம்ம ஆட்டுக்கால் பாயாவுக்கும் சம்பந்தமில்லை.) உப்புக்கண்டம் மட்டும் மாட்டிறைச்சி. 'கார்னி செக்கா' என்றும் 'ஷார்க்கி' என்றும் இரண்டு வகை விற்கும். பின்னது உப்பும் வெயிலும் அதிகம் கண்டது. ஷார்க்கி என்ற சொல் ஆண்டிஸ் மலையின் கெச்சுவா மொழியிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் 'ஜெர்க்கி' என்கிறார்களே, அதற்கும் அதுதான் மூலம்.

வேலை வெள்ளிக்கிழமை காலையில் ஆரம்பிக்கும். இங்கேதான் நம்ம படிப்பு உதவுகிறது. உப்பு ஊறிய கறியிலிருந்து உப்பை வெளியே எடுக்க வேண்டும். எடுக்காமல் சட்டியில் போட்டால் ஒருத்தர் வாயில் வைக்க முடியாது. ஃபிக் 1855இல் சொன்ன விதி, ஐயா வகுப்பில் போர்டு நிறைய எழுதிப் போட்டது. (ஃபிக் பொறியாளர் இல்லை, உடலியல் படித்த டாக்டர். இதை யாரும் நமக்குச் சொல்லவில்லை.) உள்ளே உப்பு அதிகம், வெளியே குறைவு என்கிற வித்தியாசம் இருக்கிறவரை உப்பு வெளியே வரும். தண்ணீரும் உப்பாகிவிட்டால் வருவது நின்றுபோகும். அதனால் ஒரு பெரிய அண்டாவில் போட்டுவிட்டுத் தூங்குவதைவிட, அளவான தண்ணீரை ஐந்தாறு தடவை மாற்றுவது நல்லது. கறித்துண்டு இரண்டு மடங்கு தடிமனாக இருந்தால் நேரம் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு ஆகும். அதனால் உப்புக்கண்டத்தை முதலிலேயே இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிவிடுவேன். கால் முழுசாக இருக்கும், அதற்கு முழு இருபத்துநாலு மணி நேரம். எல்லாம் ஃபிரிட்ஜுக்குள்ளேதான். வெளியே வைத்தால் கெட்டுப்போகும்.

ஆனால் உப்பு மொத்தமும் போய்விடக் கூடாது. பீன்ஸில் நாம் உப்பே போடுவதில்லை. கறியில் மிச்சம் இருக்கும் உப்புதான் சட்டி முழுக்கப் போக வேண்டும். ஒரு சின்னத் துண்டை வேகவைத்து மென்று பார்த்தால் தெரியும். இதற்கு ஃபார்முலா கிடையாது, ஐயா மன்னிக்கணும்.

எங்கள் கீழ்வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். எழுபது வயசுக்கு மேல். அவருக்கு பிரஷர் குக்கரில் ஃபெய்ஜுவாடா என்றால் பிடிக்காது. தினசரிப் பீன்ஸுக்குக் குக்கர், சனிக்கிழமைக்குச் சட்டி என்பது அவர் சட்டம். நானும் அந்தக் கட்சிதான். (அங்கே குக்கர் நம்ம ஊர் மாதிரி விட்டு விட்டு விசில் அடிக்காது. வெயிட் ஆடிக்கொண்டே ஒரே சீராக 'ஸ்ஸ்ஸ்' என்று ஆவி விடும். அது ஆரம்பித்த பிறகு நிமிஷக் கணக்கு. மூன்று விசில், நான்கு விசில் என்று எண்ணிப் பழகிய என் மனைவிக்கு அது இன்னும் எரிச்சல்.)

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, இரவெல்லாம் ஊறிய பீன்ஸோடு உப்புக்கண்டம், கால், காது, வால் நான்கும் முதலில் இறங்கும். கூடவே மூன்று பிரிஞ்சி இலை. தண்ணீர் இரண்டு விரல் மேலே நிற்கணும். பத்து நிமிஷமாவது தளதளவென்று நன்றாகக் கொதிக்க வேண்டும். ஹாஸ்டல் தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வகைப் பீன்ஸில் லெக்டின் என்று ஒரு நச்சுப்பொருள் இருக்கிறது, கொதிநிலைக்குப் போகாமல் மிதமான சூட்டிலேயே வேகவைத்தால் அது அழியாது, வயிறு பழிவாங்கும். கொதித்த பிறகு தீயைத் தணித்துவிடலாம். மேலே திரளும் நுரையை அள்ளிப் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து விலா எலும்பு. பீன்ஸ் முக்கால் பதம் வந்தபின் சாஸேஜும் கொழுப்புக்கறியும். முன்னாலேயே போட்டால் சாஸேஜ் வெடித்துச் சத்தெல்லாம் போய்ச் சக்கையாகிவிடும். காலிலும் காதிலும் இருக்கும் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகிறது, குழம்பு உதட்டில் ஒட்டுவது அதனால்தான். கால் இல்லாத ஃபெய்ஜுவாடா ஆறினால் தண்ணீர். கால் போட்டது ஆறினால் பசை.

கடைசியில் தனியாக ஒரு வாணலியில் கொழுப்பு விட்டு, பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு எட்டுப் பல் வதக்கி, இரண்டு கரண்டி பீன்ஸை அதிலே போட்டுக் கரண்டியாலேயே மசித்துத் திரும்பச் சட்டியில் கொட்ட வேண்டும். நம்ம தாளிப்பு மாதிரி, ஆனால் மசித்த தாளிப்பு. மொத்தம் மூன்று, மூன்றரை மணி நேரம். மிளகாய் இல்லை. மல்லித்தூள் இல்லை. மஞ்சள் இல்லை. முதல் தடவை என் மனைவி சீரக டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு கால் மணி நேரம் அடுப்புப் பக்கமே நின்றாள். நான் காவல் காத்தேன். காரம் வேண்டுமென்றால் மேஜைக்கு மிளகாய்ச் சாறு தனியாக வரும்.

பக்கத்துணை இல்லாமல் இதைச் சாப்பிட முடியாது. வெள்ளைச் சோறு. 'கோவி' என்ற கீரை, முட்டைக்கோஸ் குடும்பம், ஆனால் உருண்டை கட்டாத அகல இலை. இலைகளை அடுக்கிச் சுருட்டி நூல் மாதிரி நறுக்கி, பூண்டில் ஒரு நிமிஷம் புரட்டி எடுக்க வேண்டும், பச்சை நிறம் போகக் கூடாது. ஆரஞ்சுத் துண்டுகள். கொழுப்பைத் தின்ற வாய்க்கு அந்தப் புளிப்பு வேண்டும். பீன்ஸில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரவும் வைட்டமின் சி கைகொடுக்கும். அப்புறம் ஃபரோஃபா. மரவள்ளிக்கிழங்கு மாவை வெண்ணெயில் வறுத்தது. சேலத்துக்காரர்கள் கையைத் தூக்கலாம். நீங்கள் ஜவ்வரிசி செய்கிற அந்தக் கிழங்குக்குத் தாய்வீடு தென் அமெரிக்கா. முந்திரியும் அங்கிருந்துதான் போர்ச்சுகீஸ்காரர் கப்பலில் நம்ம கரைக்கு வந்தது. நாம் சாவி, ஜன்னல், மேஜை, அலமாரி என்கிறோமே, அதெல்லாம் அந்தக் கப்பல்காரர்கள் விட்டுப்போன வார்த்தைகள். அங்கே போன புதுசில் எனக்குப் பாதி வீடு ஏற்கெனவே தெரிந்திருந்தது!

எலுமிச்சையும் சர்க்கரையும் போட்டு ஒரு பானமும் கூட உண்டு. மாணவர்கள் இருக்கும் சபை, விட்டுவிடுகிறேன்.

இனி, இதைப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றிய காரணத்துக்கு வருகிறேன்.

ஒரு சனிக்கிழமை என் வீட்டு மேஜையில் எட்டுப் பேர். நம் நாட்டிலிருந்து வேலையாக வந்திருந்த ஓர் அதிகாரி ஒரு பக்கம். எதிரே எங்கள் பராமரிப்புப் பிரிவு ஃபோர்மேன். கறுப்பினத்தவர், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறவர், எந்திரத்தின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போய்விட்டது என்று சொல்லக்கூடியவர். அதிகாரிக்குப் போர்ச்சுகீஸ் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நான்.

அதிகாரி நல்ல மனிதர். சாப்பாடு அவருக்குப் பிடித்துவிட்டது. ஏதோ சுற்றுலாக் கையேட்டில் படித்ததை உற்சாகமாக எடுத்துவிட்டார். எசமானர்கள் நல்ல கறியைச் சாப்பிட்டுவிட்டுக் காது, வால், காலைத் தூக்கிப்போடுவார்களாம். அடிமைகள் அதைப் பொறுக்கி, தங்கள் பீன்ஸில் போட்டு இவ்வளவு ருசியான உணவைக் கண்டுபிடித்தார்களாம். "என்ன ஒரு கெட்டிக்காரத்தனம் பாருங்க! அவர்கிட்டயும் சொல்லுங்க" என்றார். பிரேஸிலில் பாதிப்பேர் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். நான் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் போர்ச்சுகீஸில் சொன்னேன்.

ஃபோர்மேன் கரண்டியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து, "ஹபாஸ்" என்றார். நம்ம ஊரில் 'தம்பி' என்கிற மாதிரி. "ஹபாஸ், இந்தக் கதையைச் சின்ன வயசிலேர்ந்து கேக்குறேன். அவர்கிட்ட ஒண்ணு கேளு. பன்றிக் காது வேண்டாம்னு எந்த எசமான் சொன்னான்? எங்க பாட்டி வீட்டுல காதுக்குத்தான் சண்டையே." அப்புறம் முள்கரண்டியால் தட்டில் இருந்த உப்புக்கண்டத் துண்டைத் தொட்டுக் காட்டினார். "எங்க ஆளுங்களைத் தேடுறதுன்னா இதுல தேடச் சொல்லு. நான் பெலோட்டாஸ்காரன்."

அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். மேஜை அமைதியாகிவிட்டது. அதிகாரி அவமானப்பட்டுக்கொள்ளாமல், "பெலோட்டாஸ்ல என்ன?" என்று கேட்டார். அன்று சாயங்காலம் வரை பேசினோம். அதற்குப் பின் நானும் படித்துப் பார்த்தேன்.

பெலோட்டாஸ் பிரேஸிலின் தென்கோடியில், ரியோ கிராண்டி டோ சுல் மாநிலத்தில் இருக்கிறது. வடகிழக்கில் சியாரா பகுதியில் கடும் வறட்சி வந்து மாடுகள் செத்தபோது அங்கிருந்து தெற்கே வந்த ஜோஸே பின்டோ மார்டின்ஸ் என்பவர் 1780 வாக்கில் அங்கே உப்புக்கண்டத் தொழிலை நிறுவினார் என்பார்கள். மேய்ச்சல் நிலம், மாடு, துறைமுகம் எல்லாம் பக்கத்திலேயே. வரிசையாகக் கூடங்கள் முளைத்தன. மாட்டை அடிப்பதிலிருந்து, கறியைத் தகடாக அறுப்பது, உப்பில் அடுக்குவது, கம்பத்தில் வெயிலில் போடுவது வரை அத்தனை வேலையும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்கள் பிள்ளைகளும் செய்தது. கை கால் புண்ணில் உப்பு ஏறும் வேலை. அந்தக் கறி கப்பலேறி எங்கே போனது? ரியோவுக்கும் பாஹியாவுக்கும், கடல் கடந்து கியூபாவுக்கும், அங்கே கரும்பு, காபித் தோட்ட அடிமைகளுக்குச் சாப்பாடாக. அடிமைகள் செய்தது, அடிமைகள் தின்றது. நடுவில் லாபம் மட்டும் வேறு ஆட்களுக்கு. அந்த லாபத்தில் எழுந்த மாளிகைகளை இன்றும் பெலோட்டாஸில் பார்க்கலாம்.

1820இல் அங்கே ஒரு முதலாளி வீட்டில் தங்கிய பிரெஞ்சு தாவரவியலாளர் ஓகுஸ்ட் த சாந்-இலேர் ஒரு சிறுவனைப் பற்றி எழுதியிருக்கிறார். பத்துப் பன்னிரண்டு வயசு. கூடத்தில் எப்போதும் நின்றுகொண்டே இருப்பான், தண்ணீர் கேட்டால் கொண்டுவர, ஆளைக் கூப்பிடச் சொன்னால் கூப்பிட. அவன் உட்கார்ந்தும் பார்க்கவில்லை, சிரித்தும் பார்க்கவில்லை என்கிறார். அதைவிடப் பரிதாபமான பிறவியைத் தான் கண்டதில்லை என்ற பொருளில் எழுதுகிறார். அவர் செடிகொடிகளைப் படிக்க வந்த மனிதர். அவர் கண்ணிலேயே அது பட்டது.

காது, வால் கதைக்கு வருகிறேன். ஆட்டுக்கால் பாயாவும் தலைக்கறியும் குடல் குழம்பும் தெரிந்த நமக்கு இது புரிய அதிக நேரம் ஆகாது. தலைக்கறியைப் பணக்காரன் தூக்கிப் போட்டான் என்று நம்ம ஊரில் யாராவது சொன்னால் நம்புவோமா? போர்ச்சுகலின் வடபகுதியிலும் பன்றியின் காதையும் காலையும் பீன்ஸோடு போட்டு வேகவைக்கும் ஃபெய்ஜுவாடா உண்டு. அங்கே பீன்ஸ் கறுப்பு இல்லை, அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர்களிடம் இதற்கு ஒரு சித்தப்பா பிள்ளை உண்டு, காஸுலே என்று பெயர். 1833இல் ரெசீஃபி நகரத்துப் பத்திரிகையில் ஒரு ஹோட்டல், வியாழக்கிழமைதோறும் 'பிரேஸில் முறை ஃபெய்ஜுவாடா' கிடைக்கும் என்று விளம்பரம் கொடுத்திருக்கிறது. பணம் கொடுத்து ஹோட்டலில் சாப்பிட்டவர்கள் அடிமைகள் இல்லை. 1889இல் பேரரசரின் வீட்டுக்குக் கசாப்புக் கடையில் கறி வாங்கிய ரசீது ஒன்று இருக்கிறது. அதில் ஈரல், சிறுநீரகம், நாக்கு, மூளை, குடல் எல்லாம் வருகிறது. பேரரசர் வீட்டிலேயே குடல் வாங்கித் தின்றிருக்கிறார்கள்! உணவு வரலாற்றைப் பெரிய நூலாக எழுதிய காமரா காஸ்குடோவும், இன்றைய ஃபெய்ஜுவாடா அடிமைக் குடிசையில் பிறந்தது இல்லை, ஐரோப்பியக் குழம்பு வகை இங்கே வளர்ந்து உருவானது என்றுதான் சொன்னார். பெரும்பாலான அடிமைகளுக்குக் கிடைத்தது மரவள்ளி மாவு, பீன்ஸ் அல்லது சோளம், கூடவே கொஞ்சம் உப்புக்கண்டம்.

அப்படியானால் இந்த உணவில் ஆப்பிரிக்கர்களுக்குப் பங்கு இல்லையா என்று கேட்பீர்கள். பெரிய வீடுகளின் அடுப்பங்கரையில் நின்றது யார்? அடிமைப் பெண்கள்தான். அந்தக் கைப்பக்குவம் இல்லாமல் எந்தக் குழம்பும் வந்திருக்காது. அவர்கள் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. என் எரிச்சல் எல்லாம் அந்தப் பொறுக்கிய காது கதையின் மேல்தான். கேட்க இனிமையாக இருக்கிறது. எசமான் போட்டான், அடிமை எடுத்தான், கடைசியில் எல்லோரும் சேர்ந்து சந்தோஷமாகச் சாப்பிட்டோம் என்று முடிந்துவிடுகிறது. அமெரிக்கக் கண்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களில் ஏறக்குறைய ஐம்பது லட்சம் பேர் இறக்கப்பட்டது பிரேஸிலில். அந்தக் கண்டங்களிலேயே கடைசியாக, 1888 மே 13இல், அடிமைமுறையை ஒழித்த நாடும் அதுதான். ஃபோர்மேனின் பாட்டியின் தாய் அதற்கு முன்னால் பிறந்தவர். அவர்கள் குடும்பத்தில் அது பழைய கதை இல்லை.

அதிகாரி ஊருக்குத் திரும்பிய பிறகு எனக்கு ஒரு மெயில் போட்டார். வேலை விஷயம் நாலு பக்கம். கடைசியில், அந்தச் சிறுவனைப் பற்றிய குறிப்பு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டிருந்தார். அனுப்பிவைத்தேன்.

சனிக்கிழமைச் சட்டியில் எப்போதும் மிச்சம் இருக்கும். பன்னிரண்டு பேருக்குச் செய்தால் எட்டுப் பேர்தான் வருவார்கள், அது அங்கேயும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை அது இன்னும் நன்றாக இருக்கும், நம்ம மீன்குழம்பு மாதிரி. பீன்ஸை அரைத்து வடிகட்டிச் சூடாகச் சின்ன டம்ளரில் குடிப்பது ஒரு வழக்கம், மேலே கொஞ்சம் வெங்காயத்தாள் தூவி. ஃபோர்மேன் ஒவ்வொரு தடவையும் வீட்டிலிருந்தே ஒரு தூக்கு கொண்டுவந்துவிடுவார். பார்த்துப் பார்த்து எடுத்துப் போட்டுக்கொள்வார். உப்புக்கண்டம் இரண்டு துண்டு, விலா எலும்பு ஒன்று, காது கிடைத்தால் காது.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார். பந்தியில் இன்றைக்கு என்ன என்று விசாரித்தேன், வெஜிடபிள் பிரியாணியாம். கேள்வி இருக்கிறவர்கள் என் பக்கத்தில் உட்காருங்கள்.